திரையில்லாத இரண்டு மணி நேரம்

பிள்ளை வளர்ப்பைப் பற்றி இம்மலரில் எழுதுபவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் ஆசிரியர்களும்தான். தண்டவாளம், பாலம், ஜல்லி என்றே பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமோ இன்ஜினீயர் இதில் தலையிடுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நம் குடும்பங்களின் நிலைமை அப்படி. பெற்ற பிள்ளைகள் பிழைப்புக்காகத் தூர தேசம் போய்விட, பேரப்பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் நம்மிடம் வந்து சேருகிறார்கள். அந்த ஒன்றரை மாதம் அவர்களுக்கு எப்படிப் பொழுது போவது என்ற கேள்வி தாத்தா பாட்டிகளின் தலையில்தான் விழுகிறது.

நான் இருப்பது காணிப்பாக்கத்தில். சித்தூரிலிருந்து 12 கிலோமீட்டர் அளவில், பாஹுதா நதிக்கரையில் உள்ள விநாயகர் தலம் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்; திருப்பதிக்குப் போகிறவர்கள் பலரும் இங்கும் ஒரு நடை வந்து போவார்கள். மகன் குடும்பம் மஸ்கட்டில். பேரனுக்கு 9 வயது, பேத்திக்கு 6. ஜூன், ஜூலையில் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை. இங்கே அது மாங்காய் இறங்கும் காலம். பகல் 11 மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் ஓடியாடலாம். நடுப்பகல் முழுவதும் வீட்டுக்குள்தான். அந்த நேரத்தில் செல்போனையோ டேப்லெட்டையோ கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டால், வீட்டில் பிள்ளைகள் இருக்கிற அரவமே இராது.

எங்கள் வீட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். என் மனைவிக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் இந்தியும் சரளம். தமிழ் புரியும், பேச வராது. "சாப்டியா கண்ணா?" "ம்." "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" "நோ." பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரு நாள் முழுக்க இவ்வளவுதான் சம்பாஷணை. ஒரே கூரையின் கீழ் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு இப்படியே விமானம் ஏறிவிடுவார்களோ என்பது அவளுடைய கவலை. திரையைப் பற்றிய என் கவலையைவிட அது பெரியது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டாரே ஒரு வரம்பு வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது ஒரு வழி. ஆனால் பிடுங்கிய கையில் வேறொன்றைக் கொடுக்காவிட்டால், அழுகையும் பிடிவாதமும்தான் மிஞ்சும்.

ரயில்வேயில் 'லைன் பிளாக்' என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் பெரிய வேலை செய்ய வேண்டுமானால், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இந்தப் பாதையில் வண்டி வராது என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வோம். வண்டிகளுக்கு நடுநடுவே புகுந்து அந்த வேலையைச் செய்ய முடியாது. அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பகல் 2 மணி முதல் 4 மணி வரை பிளாக். அந்த நேரத்தில் வீட்டில் எந்தத் திரையும் ஓடாது; பெரியவர்களுக்கும் அதே சட்டம். என் செய்திகள், என் மனைவியின் பிற்பகல் சீரியல், எல்லாம் நின்றன. சீரியல் நின்றதுதான் வீட்டில் பெரிய தியாகம். ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பைப் பேத்தியிடம் ஒப்படைத்தேன். சரியாக 2 மணிக்கு மூங்கில் கூடையுடன் வந்து எல்லோருடைய போனையும் வாங்கிக்கொள்வாள். 4 மணிக்கு முன் யார் கெஞ்சினாலும் தரமாட்டாள். நான் பார்த்த அதிகாரிகளில் இத்தனை கண்டிப்பானவர் சிலரே.

பிளாக் வாங்கினால் மட்டும் போதாது, வேலையாள் களத்தில் இருக்க வேண்டும். "போங்க, போய் விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு நாம் கண்ணயர்ந்தால் பத்தாவது நிமிடம் "போர் அடிக்குது தாத்தா" என்று வந்து நிற்பார்கள். முதல் அரை மணி நேரம் ஒரு பெரியவர் கூடவே உட்கார்ந்து ஆட வேண்டும். எனக்கு முழங்கால் மடங்காது, ஆகவே முக்காலி. அந்த அரை மணிக்குப் பிறகு பெரும்பாலும் நம்மை மறந்துவிடுவார்கள்.

முதலில் எடுத்தது ஆடு புலி ஆட்டம். எங்கள் தெலுங்கு நண்பர்கள் இதைப் 'புலி மேக' என்பார்கள். இந்தச் சித்தூர் மண்ணில் எதற்கும் இரண்டு பெயர் உண்டு. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, விளையாட்டுகள் இரு பக்கமும் அப்படியே இருந்தன. பல்லாங்குழி அவர்களுக்கு 'வாமன குண்டலு', பரமபதம் 'வைகுண்டபாளி'.

ஆடு புலிக்குக் கட்டம் வரைவது எளிது. மேலே ஒரு புள்ளி. அதிலிருந்து விசிறி போல நான்கு கோடுகள் கீழே இறங்கட்டும். அவற்றைக் குறுக்கே மூன்று கோடுகள் வெட்ட வேண்டும். இந்த மூன்றும் இருபுறமும் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும். நீண்ட நுனிகளை இடப்புறம் ஒரு கோட்டாலும் வலப்புறம் ஒரு கோட்டாலும் இணையுங்கள். கடைசியாக, நான்கு கோடுகளின் அடிகளைச் சேர்த்து ஒரு அடிக்கோடு. இப்போது எண்ணிப் பாருங்கள்: உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறு ஆறாக 18, அடியில் 4, ஆக 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. புலிக்குச் சோடா மூடி, ஆட்டுக்குக் கொண்டைக்கடலை போதும். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இதைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சாக்பீஸ் அல்லது ஒரு சார்ட் அட்டை.

விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு புலி உச்சியிலும், இரண்டு அதற்கு நேர் கீழே முதல் குறுக்குக் கோட்டின் நடுவிலும் நிற்கும். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு ஆட்டை இறக்குவார். 15-ம் இறங்கும் வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலி கோட்டின் வழியே ஒரு புள்ளி நகரலாம். அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் ஆட்டுக்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் தாண்டி ஆட்டைத் தின்னலாம். ஆறு ஆடு போனால் புலிக்கு வெற்றி. மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

இதில் எனக்குப் பிடித்தது, இரு தரப்பும் சமமில்லாமல் இருப்பது. புலிக்குப் பலம், ஆட்டுக்கு எண்ணிக்கை. பேரன் முதல் மூன்று நாள் புலியாகத்தான் இருப்பேன் என்றான். ஆடாக உட்கார்ந்த பாட்டி அவனைத் தொடர்ந்து அடைத்துப் போட்டாள். சிறுவயதில் பாகாலாவில் தன் பாட்டியிடம் கற்றவள். நானே அவளை வென்றது குறைவு. "எப்படிப் பாட்டி?" என்று அவன் கேட்டான். அந்த விடுமுறையில் அவன் தானாக அவளிடம் கேட்ட முதல் தமிழ்க் கேள்வி அதுதான். அவள் பதில் சொல்லாமல், "ஓரத்தப் பாரு" என்றாள்.

பையன் இரண்டு நாள் ஓரத்தைப் பார்த்தான். புலி தாண்ட வேண்டுமானால் ஆட்டுக்கு முன்னும் பின்னும் கோடு ஓட வேண்டும். கோடுகள் முடியும் புள்ளியில் நிற்கிற ஆட்டைத் தாண்ட முடியாது. அப்படிப்பட்ட புள்ளிகள், புலி நிற்கும் உச்சியை விட்டால், மொத்தம் ஆறு: குறுக்குக் கோடுகளில் மேல் கோட்டின் இரு நுனிகள், கீழ்க் கோட்டின் இரு நுனிகள், அடிக்கோட்டின் இரு முனைகள். நடுக் குறுக்குக் கோட்டின் நுனி பார்ப்பதற்கு ஓரம் போலத் தோன்றும். ஆனால் மேலும் கீழும் கோடு போவதால் அங்கே புலி தாண்டிவிடும். இதை அவனே விரல் வைத்துக் கண்டுபிடித்தான். அதன் பிறகு ஆட்டுக்காரனாக மாறிவிட்டான். முதல் ஆறு ஆடுகளை அந்த ஆறு இடங்களில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாக முட்டுக்கொடுத்து உள்ளே வருவது பாட்டியின் முறை. பின்னால் இடம் காலியில்லை என்றால் ஆடு பத்திரம். நம் ரயில் பாதையிலும் ஒரு பிளாக் செக்ஷனில் வண்டி நின்றால் இன்னொன்றுக்கு இடமில்லை என்பதே பாதுகாப்பின் ஆதாரம். இதை நான் விளக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

பேத்திக்குப் பல்லாங்குழி. வீட்டில் இருந்த பழைய மரப்பலகை யாரிடமோ போய்விட்டது. மளிகைக் கடையில் காலி முட்டை அட்டை கேட்டேன். நாங்கள் முட்டை வாங்காத வீடு என்பதால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். 30 முட்டை அட்டையில் 5-க்கு 6 குழிகள்தான் வரும். நமக்கு வேண்டியது 7 குழிகள் கொண்ட இரண்டு வரிசை. ஆகவே ஆறாறு குழிகளாக இரண்டு வரிசையை வெட்டி, மீதியிலிருந்து இரண்டு குழிகளை வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். குழிக்கு 6 புளியங்கொட்டை, மொத்தம் 84. எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதும், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுவதும் நீங்கள் அறிந்ததே. 12-க்கு மேல் தமிழில் எண்ணத் தெரியாதிருந்தவள், ஆட்டம் முடிந்ததும் காயைச் சரிபார்க்கும் சாக்கில் 84 வரை போனாள். "எண்பத்து நாலு, ஒண்ணும் தொலையல பாட்டி" என்பது தினசரி அறிக்கை ஆயிற்று.

ஒரு எச்சரிக்கை. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் காயாக வைக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் நஞ்சு கொடியது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், புளியங்கொட்டை, கடலை போன்ற எந்தச் சிறு பொருளும் அதன் கைக்கு எட்டக்கூடாது.

தாயக்காய்க்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகும் வரை கல்லில் தேய்க்க வேண்டும். நான்கு கொட்டை தேய்க்க இரு பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகல் போதாது. தேய்த்த கொட்டை சூடேறும் என்பதையும், அதைப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்தால் துள்ளுவான் என்பதையும் நான் சொல்லித் தரவில்லை; எந்தத் தலைமுறையும் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. நான்கு கொட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். நான்கும் வெள்ளையாக விழ ஒரே வழி. இரண்டு வெள்ளையாக விழ 6 வழிகள். பேரன் நோட்டில் கோடு கோடாகக் குறித்து 160 முறை உருட்டிப் பார்த்தான். கணக்குப்படி வரவில்லை. தேய்த்த பக்கமும் தேய்க்காத பக்கமும் ஒரே வடிவம் இல்லையே, எப்படி வரும்? அந்த விடையை அவன் அப்பா போனில் சொல்லிக் கெடுத்துவிட்டார்.

தினமும் "இன்னிக்கு என்ன?" என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி தோற்றுவித்த ரிஷிவேலிப் பள்ளி. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய சிற்றூர்ப் பள்ளிகளுக்காக அட்டைகள் நிறைந்த ஒரு பெட்டியை உருவாக்கினார்கள். அட்டைகள் ஏணிப்படி போல வரிசையாக இருக்கும். குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல் வந்து பின்னர் தமிழகம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு இதுவே தூண்டுதல்.

நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் சில அட்டைகள் எழுதிப் போட்டேன். சாண் கொண்டு கூடத்தை அளந்து வா. வீட்டில் உள்ள சாவிகள் ஒவ்வொன்றும் எந்தப் பூட்டுக்கு என்று கண்டுபிடி. முருங்கைக்கீரை ஒரு கட்டு ஆய்ந்து கொடு. சின்ன வயதில் ரயிலில் போகும்போது ஸ்டேஷனில் என்ன வாங்கித் தின்றாய் என்று பாட்டியிடம் கேட்டு, ஐந்து பெயர் எழுதி வா. கடைசி அட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஐந்து பெயருக்குப் பதில் ஒரு முழுக் கதை வந்தது, அதில் எனக்கே தெரியாதவை பல.

என் தொழிலுக்கு நெருக்கமானது இனிமேல்தான். அரவிந்த் குப்தா என்றொரு இன்ஜினீயர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978-இல் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே, சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் கட்டும் முறையைப் பிள்ளைகளுக்காக உருவாக்கினார். குப்பைப் பொருளிலிருந்து பொம்மை செய்யும் அவருடைய பணிக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வால்வ் டியூப் இன்று எல்லா ஊரிலும் கிடைக்காது, தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுக்கும் வேலை வேறு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, பல்குத்தும் குச்சிகளை அதில் செருகுவது. ஜெர்மனியில் 1837-இல் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரையும் தந்த ஃப்ரோபெல், ஊறிய பட்டாணியையும் குச்சியையும் கொண்டு இதையே செய்ய வைத்தார். காய்ந்தால் கடலை சுருங்கிக் குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் நான்கு குச்சி, நான்கு கடலையில் ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சாய்ந்து போகும். மூன்று குச்சியில் ஒரு முக்கோணம் செய்து தள்ளச் சொல்லுங்கள். குச்சி ஒடிந்தாலோ கடலையிலிருந்து பிடுங்கிக்கொண்டாலோ ஒழிய வடிவம் மாறாது. சாய்கிற சதுரத்தில் குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் (அதற்குச் சற்று நீளக் குச்சி வேண்டும்) அதுவும் நின்றுவிடும், ஏனெனில் அது இப்போது இரண்டு முக்கோணம். இரும்புப் பாலங்களின் இரகசியம் இதற்குள் அடக்கம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியையோ, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேலேறும் பகுதியையோ படத்தில் காட்டினால் பிள்ளைகள் முக்கோணங்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு இரண்டு முக்காலிகளுக்கு நடுவே பாலம். நடுவில் நூலில் ஒரு காகிதக் கோப்பையைத் தொங்கவிட்டு, அதில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முதல் பாலம் 41-இல் விழுந்தது. எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்று பார்க்கச் சொன்னேன். குச்சி ஒன்றுகூட ஒடியவில்லை; இணைப்பில் இருந்த கடலை பிளந்திருந்தது. அன்று கட்டி அன்றே பாரம் ஏற்றினால் அப்படித்தான். ஒரு நாள் முழுதும் காயவிட்டு, கீழே இரண்டு குச்சிகள் கூட்டிச் செய்த பாலம் 137 தாங்கியது. எண்ணியவள் பேத்தி, நூற்று முப்பத்தேழு என்று முழுதாகச் சொன்னாள். பாட்டி, மறுநாள் சுண்டலுக்கு ஊறவைத்த கடலை எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பேட்டரி பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மகன் ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தான். நல்ல விலை. அவை தாமே ஆடும், தாமே பாடும். பிள்ளை செய்ய வேண்டியது பொத்தானை அமுக்குவது மட்டும். மூன்றாம் நாள் அவற்றைப் பிரித்து மோட்டாரை வெளியே எடுக்கலாமா என்று பேரன் கேட்டான். எடுக்கச் சொன்னேன்.

எல்லா நாளும் இப்படி இனிமையாகப் போயிற்று என்று நினைக்க வேண்டாம். தோற்றுப்போன கோபத்தில் கட்டத்தைக் கலைத்த நாட்கள் உண்டு. 3 மணிக்கே கூடையைச் சுற்றி வந்த நாட்களும் உண்டு. ஒரு நாள் இருவரும் ஒன்றும் செய்யாமல் தரையில் மல்லாந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையிடவில்லை. அரை மணி கழித்து எழுந்து, தோட்டத்து மண்ணைப் பிசைந்து பிள்ளையார் பிடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளையார் ஊரில் வேறு என்ன தோன்றும்! வெயிலில் வைத்ததும் துதிக்கை வெடித்தது. களிமண் காயும்போது நீர் போய்ச் சுருங்கும். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் விரிசல் விடும். ஆகவே நிழலில், ஈரத்துணி மூடி, மெதுவாகக் காய வைக்க வேண்டும். இரண்டாவது பிள்ளையார் இன்னும் எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறார்.

ஜூலை கடைசியில் ஊர் திரும்பும்போது பேரன் ஆடு புலிக் கட்டத்தை அட்டையில் வரைந்து எடுத்துப் போனான். போவதற்கு முன் 23 புள்ளிகளுக்கும் எண் இட்டான்: உச்சி 1, பிறகு வரிசை வரிசையாக இடமிருந்து வலமாக 2 முதல் 7, 8 முதல் 13, 14 முதல் 19, அடியில் 20 முதல் 23. புலிகள் தொடக்கத்தில் 1, 4, 5-இல். அதே எண்களோடு இங்கே ஒரு அட்டை பாட்டியிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. அன்று போன் வரும். வீடியோ வேண்டாம், குரல் போதும். "பத்தொம்பதுல ஒரு ஆடு, பாட்டி." "என் புலி அஞ்சுலேருந்து பதினொண்ணு." இரு பக்கமும் அட்டையில் காயை நகர்த்திக்கொள்கிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. சென்ற வாரம் பாட்டியின் மூன்று புலியும் அடைபட்டன. அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு, வரும் வெள்ளிக்குத் தானே ஆட்டுக்காரி என்று சொல்லியிருக்கிறாள்.